கடைசியாக ஓடியவர்

தேயிலைக் கிடங்கின் சுவரில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் கதாநாயகன் இறந்து கிடந்தான். நெற்றியிலிருந்து ஒரு கீற்றாகக் குருதி வழிந்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஆகவே குருதியும் கறுப்பு. வயலின்கள் அழுது ஓய்ந்தன. 'வணக்கம்' என்ற சொல் தோன்றி மறைந்தது. படப்பொறியின் விளக்கு அணைந்தது.

ஒருவரும் எழவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். கிடங்கின் சாளரங்களில் சாக்கு அடித்து இருட்டாக்கியிருந்தார்கள். சாக்கிழைகளின் ஊடே வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியது. தேயிலைத் தூளும் நனைந்த கம்பளியும் கலந்த நெடி. தரையில் அமர்ந்திருந்தவர்கள் அனைவரும் கப்பலேறி இலங்கையிலிருந்து வந்து இம்மலையில் இறக்கிவிடப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். தோட்டத்து எல்லையிலிருந்த பள்ளியில் நான் தமிழாசிரியன். படம் தொடங்குமுன் 'வீரம்' என்னும் பொருளில் பத்து நிமிடம் உரையாற்றுவது எனக்கு இடப்பட்டிருந்த பணி. அன்று இருபது நிமிடம் பேசியிருந்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. "எந்திரிய்யா... என் ராசா, எந்திரிய்யா..." அடுத்த நொடி கிடங்கிலிருந்த பெண்கள் அனைவரும் மார்பில் அறைந்துகொண்டு அழத் தொடங்கினார்கள். கலையின் வெற்றி என்று நான் எண்ணினேன்.

படம் ஓட்டுபவர் சேவியர், குன்னூர்க்காரர். சுருளைக் கழற்றக் கைவைத்தார். முதலில் குரலெடுத்த அந்தப் பெண் எழுந்து, வலக்காலைச் சற்றே இழுத்து நடந்து வந்து அவர் முன் நின்றார். பெயர் பார்வதி, நாற்பது வயது இருக்கும்.

"தம்பி, மூட்டை கட்டாத. அவர எழுப்பிட்டுப் போ."

"யாரைங்க?"

"கண்ணு தெரியலயா? அந்தா கெடந்தாரே, அவர."

"அக்கா, அது படமுங்க. முடிஞ்சு போச்சுங்க."

"முடிஞ்சாத்தான் எழுப்பணும். செத்தவரப் போட்டுட்டுக் கூட்டம் கலைஞ்சா லயத்துல சாவு விழும். ஒனக்கென்ன, பஸ் ஏறிப் போயிருவ. நாங்கதானே இங்க கெடக்கணும்?"

லயம் என்பது அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். இலங்கைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் அவர்கள் ஆடிய கூத்தில், போரில் விழுந்த வீரனாக ஒருவர் தரையில் கிடப்பார். பெண்கள் அழுவார்கள். பின்னர் நீர் தெளித்து, பெயர் சொல்லி மும்முறை அழைத்து, அவரை எழுப்புவார்கள். அதன் பின்பே கூட்டம் கலையும். எழுப்பாமல் கலைந்ததாக அவர்கள் நினைவில் ஒரு கூத்தும் இல்லை.

"ஏனுங் தமிழய்யா, இதுக்கு என்ன பண்றதுங்?" என்றார் சேவியர்.

"உயிர்த்தெழுதல் உங்கள் துறையாயிற்றே, சேவியர்!"

"நக்கலடிக்காதீங்க. அதுக்கே மூணு நாளாச்சுங்க. இவீக மூணு நிமிசங்கூடத் தர மாட்டாங்க போல."

தலையைச் சொறிந்தார். பிறகு படப்பொறியின் பக்கவாட்டிலிருந்த ஒரு விசையைத் தட்டினார். சுருள் பின்னோக்கி ஓடத் தொடங்கியது.

திரையில் குருதிக் கீற்று மேலேறி நெற்றிக்குள் புகுந்தது. கதாநாயகன் துள்ளி எழுந்தான். குண்டு அவன் உடலை விட்டகன்று துப்பாக்கிக்குள் திரும்பியது. பகைவர்கள் முதுகு முன்னாக ஓடி, கதவைத் தாண்டி, குதிரைகளில் ஏறிப் பின்னோக்கி மறைந்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பார்வதி ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து திரைத்துணியில் தெளித்தார். மின்கம்பியில் பட்டுவிடும் என்று சேவியர் அலறினார்.

கூட்டம் அமைதியாகக் கலைந்தது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் இதை நடித்துக் காட்டி அனைவரையும் சிரிக்க வைத்தேன்.

குருதி குறைந்த காலமா?

இத்தொடரைப் படித்துவரும் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: 'இன்றைய படங்களில் ஒரே வெட்டும் குத்தும். தங்கள் காலத்துப் படங்களில் வீரம் இருந்தது, வன்முறை இல்லை. அதைப் பற்றி எழுதுங்கள்.'

அன்பரே, வன்முறை இருந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவே. கதாநாயகன் ஒரு படத்தில் ஐம்பது பேரை அடிப்பான். அந்த ஐம்பதின்மரில் ஒருவன் மறுநாள் வேலைக்குப் போக முடிந்ததா, அவன் வீட்டில் உலை கொதித்ததா என்று எந்தப் படமும் சொன்னதில்லை. அடி விழும் ஓசை இருந்தது, அடி இல்லை.

சித்திரக்கதைகளும் அப்படித்தான். மாணவர்களிடமிருந்து நான் பறித்து வைத்தவை என் பேழையின் அடித்தட்டு முழுவதும் இருந்தன. உள்ளங்கையளவு நூல்கள், தொட்டால் மை விரலில் ஒட்டும். மழைக்கால மாலைகளில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நான் அவற்றை ஒன்று விடாமல் படித்தேன் என்பதை இந்த வயதிலாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

படித்ததில் ஒன்றைக் கண்டுகொண்டேன். கதாநாயகன்மேல் குண்டு பட்டால் அது இடத் தோளில்தான் படும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கைக்குட்டையைக் கட்டுவான். அடுத்த பக்கத்தில் இரு கைகளாலும் கயிறு பற்றி மலையேறுவான். இறப்பவர்களுக்கோ பெயரே கிடையாது. 'ஆ' என்பதே அவர்கள் பேசும் முழு வசனம்.

எங்கள் பள்ளிக்குக் கீழே, படகர் ஊருக்குப் போகும் வழியில், ஒரு பழைய வீரக்கல் பாசி படிந்து நின்றது. அடிக் கட்டத்தில் வீரன் பொருகிறான். நடுக் கட்டத்தில் வானமகளிர் அவனைச் சுமந்து செல்கின்றனர். மேல் கட்டத்தில் அவன் விண்ணுலகில் அமர்ந்திருக்கிறான். மூன்று கட்டங்களில் முடிந்த சித்திரக்கதை. அம்பெல்லாம் அவன் மார்பில். முதுகில் புண்பட்டவனுக்குக் கல் நட்டதாக நான் எங்கும் கண்டதில்லை. முதுகுப் புண்ணுக்கு நாணி உணவை மறுத்து உயிர் நீத்த மன்னரைப் பற்றி ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பில் குரல் தழுதழுக்கப் பாடம் நடத்தினேன்.

இவ்வளவும் சொல்வது, என் தலைக்குள் என்ன இருந்தது என்று தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காக.

பீலியில் கண்ட தழும்பு

எழுப்பும் வழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதலாம் என்ற ஆசையில் ஒரு விடுமுறை நாளில் லயத்துக்குப் போனேன். மலைச்சரிவின் ஊற்று நீர் தகரக் குழாய் வழியே விழும் இடத்தைப் பீலி என்பார்கள். அங்கே பார்வதியின் கணவர் முத்தையா இடையில் ஒரு துண்டுடன் குளித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூத்தில் ஆண்டுதோறும் விழுந்து கிடந்தவர் அவர்தான்.

என்னைக் கண்டதும் ஈரத் துண்டொன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் பார்த்துவிட்டேன். இடத் தோளின்மேல், கழுத்துக்கும் கைக்கும் நடுவே, விரற்கடை அகலத்தில் ஒரு வெட்டுத் தழும்பின் முனை.

"என்ன காயம், முத்தையா?"

"கவ்வாத்துக் கத்தி பட்டதுங்க ஐயா." கவ்வாத்து என்பது தேயிலைச் செடியின் தலையை வெட்டிக் குறைக்கும் வேலை.

"தன் தோளைத் தானே வெட்டிக்கொள்ள முடியுமா?"

அவர் நீர் விழும் இடத்தையே பார்த்தார். "அங்க... கலவரத்துல பட்டதுங்க. அத விடுங்க ஐயா. பழய கதை."

அதற்குள் பார்வதி குடத்துடன் வந்துவிட்டார். "வாத்தியார் ஐயா, அழுற பாட்டுத்தானே கேட்டு வந்தீங்க? வாங்க, நான் சொல்றேன். ஆம்பளைக்கு அழத் தெரியுமா?" என்று என்னை வீட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

நான் பாட்டை எழுதிக்கொண்டேன். என் மனம் தோளிலேயே நின்றது. இடத் தோள்! மேற்கொண்டு நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். மீதிக் கதை எனக்குத் தெரிந்திருந்தது. பேழையின் அடித்தட்டில் அது பல படிகள் இருந்தது.

பொன்னாடை

பள்ளி ஆண்டு விழாவில் பொதுமக்களில் ஒருவரைச் சிறப்பிக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியர். நான் முத்தையாவின் பெயரைச் சொன்னேன். அவரிடம் போய், பொன்னாடை போர்த்தப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். கூத்துக்காக என்று அவர் எண்ணிக்கொண்டார். நானும் திருத்தவில்லை, வியப்பு மேடையில் வெளிப்பட்டால் அழகு என்று கருதினேன்.

சிறப்பு விருந்தினர் தோட்ட மேலாளர். தொழிலாளர்களுக்கு அவர் துரை. மேடையில் முத்தையா சலவைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றார். நான் ஒலிபெருக்கியைப் பற்றினேன்.

"படத்தில் வீரனைக் கண்டு கைதட்டுகிறீர்கள். சித்திரக்கதையில் வீரனைக் கண்டு உறக்கம் மறக்கிறீர்கள். அவர்கள் எல்லாரும் பொய். மெய்யான மறவர் இதோ உங்கள் நடுவே நிற்கிறார்! பகைவர் பதின்மர் வாளேந்தி வந்தபோது மார்பு காட்டி நின்றவர்! அந்த விழுப்புண்ணை இன்றும் தோளில் தாங்கி நிற்பவர்!"

முத்தையா என்னைப் பார்த்தார். பிறகு பெண்கள் வரிசையில் இருந்த பார்வதியைப் பார்த்தார். பார்வதி தலையை அசைத்தார். வேண்டாம் என்னும் அசைவு. எனக்கு அது நாணமாகத் தோன்றியது.

"காட்டுங்கள், முத்தையா," என்று மெல்லச் சொன்னேன்.

"ஐயா, வேணாங்க."

"எல்லாரும் காத்திருக்கிறார்கள்."

அவர் வலக்கையால் மட்டும் பொத்தான்களைக் கழற்றினார். நெடுநேரம் ஆயிற்று. சட்டை இறங்கியது. முன்புறம் இருந்து பார்க்க, தோள்மேல் அந்தச் சிறு முனை மட்டுமே தெரிந்தது. துரை நன்கு காண வேண்டுமென்று முன்னே சாய்ந்தார். முத்தையா ஒரு கணம் நின்று, பின் திரும்பி, அவைக்கு முதுகு காட்டினார்.

வெட்டு கழுத்தடியில் தொடங்கி, தோள்பட்டை எலும்பைக் குறுக்கே பிளந்து, விலா வரை இறங்கியிருந்தது. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

புறப்புண்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் அனைவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பாடம் சொன்னவன் நானல்லவா? ஒலிபெருக்கியை வாயருகே இழுத்தேன்.

"கோழைகள்! எதிர்நின்று வெல்ல முடியாமல் பின்னாலிருந்து வெட்டினார்கள்!"

அவை அதிரக் கைதட்டியது.

துரை எழுந்து வந்து தாமே பொன்னாடையைப் போர்த்தினார். பரிவோடு கேட்டார்: "கையைத் தூக்க முடியுதாப்பா? தூக்கு பாப்போம்."

முத்தையா இடக்கையை உயர்த்தினார். அது மார்பளவில் நின்றுவிட்டது. அதற்குமேல் அது போகாது.

"வெரி ஸேட்," என்றார் துரை. படங்களில் வரும் வில்லனைப் போல் அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே வருந்தினார். வருந்திக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

அடுத்த பக்கம்

சித்திரக்கதையில் இதற்கு அடுத்த பக்கம் மலையேற்றம். இங்கே அடுத்த பக்கம் மருத்துவத் தேர்வு.

தற்காலிகமாக வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அப்போது தோட்டத்தில் ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. பட்டியலில் ஏறினால் வேலை நிலைக்கும். லயத்து வீடும் நிலைக்கும். அதற்கு உடல் தகுதி வேண்டும். தோட்டத்து மருத்துவர் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்ப்பவர் அல்லர். வரிசையில் நிற்க வைத்து, ஒரு கையைத் தூக்கச் சொல்லி, தலைகளை எண்ணிக்கொண்டு போய்விடுவார். வலக்கையைத் தூக்குவதில் முத்தையாவுக்கு ஒரு தொல்லையும் இல்லை.

இரண்டு ஆண்டுகளாக அவர்கள் அந்த நாளுக்காகவே வாழ்ந்திருக்கிறார்கள். முத்தையா வலக்கையால் வெட்டுவார். செடியின் கிளையை வளைத்துப் பிடிக்கும் வேலையை அடுத்த வரிசையில் நின்று பார்வதி செய்வார். வேலையை மேற்பார்த்த கங்காணி கண்டும் காணாதிருந்தார். லயம் முழுவதற்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் கட்டிக் காத்த ஒன்றை நான் ஒலிபெருக்கி வைத்து உடைத்தேன்.

தேர்வு நாளில் மருத்துவர் முதற்கேள்வியாகவே கேட்டாராம்: "ஸ்கூல்ல பொன்னாடை வாங்கினவன் யாருப்பா? முன்னால வா. சட்டையக் கழட்டு."

பட்டியலிலிருந்து முத்தையாவின் பெயர் அடிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

நான் துரையைப் பார்க்கப் போனேன். வழிநெடுக வசனம் யாத்துக்கொண்டே நடந்தேன். மேசையை ஓங்கி அறைவதாகக்கூட ஓர் இடம் வைத்திருந்தேன்.

அவர் நாற்காலி தந்தார், தேநீர் தந்தார். "தமிழய்யா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அவன் கை சரியில்லைன்னு எனக்கு முன்னமே லேசாத் தெரியும். காணாத மாதிரி இருந்துட்டேன். நீங்க எல்லார் முன்னாடியும், நான் மேடைல உக்காந்திருக்கறப்ப, காட்டிட்டீங்க. இனி நான் எப்படிக் காணாத மாதிரி இருக்கறது? மத்தவன் கேட்பானே?"

தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். குடித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

அன்றே லயத்துக்குப் போனேன். முத்தையா வாசற்படியில் அமர்ந்து ஒரு தகரப் பெட்டியின் பூட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்வியை ஒருவழியாகக் கேட்டேன்.

"அன்று என்னதான் நடந்தது, முத்தையா?"

"என்ன நடந்துச்சு? ஓடுனேன் ஐயா."

"பத்துப் பேர்..."

"எத்தன பேருன்னு யாரு திரும்பிப் பாத்தா? லயத்துக்குத் தீ வச்சுட்டானுங்க. எல்லாரும் தேயிலைக்குள்ள ஓடுனோம். இவளுக்குச் சின்னதுல இருந்தே காலு இழுப்பு, ஓட வராது. இவ முன்னால ஓடுனா, நான் பின்னால ஓடுனேன். அதனால நான் கடேசி. கடேசியா ஓடுறவனுக்குத்தானே வெட்டு விழும்? அவ்வளவுதான் ஐயா. நீங்க மேடைல சொன்னதெல்லாம் யாருக்கோ நடந்தது."

கற்ற நூல் அனைத்தையும் மனத்துள் புரட்டிப் பார்த்தேன். கடைசியாக ஓடியவனுக்கு அங்கு ஒரு சொல் இல்லை. ஒரு துறை இல்லை. ஒரு கல்லும் இல்லை.

மஞ்சூர்ச் சாலையில்

அவர்கள் புறப்பட்ட காலையில் பேருந்து நிற்கும் வளைவில் நானும் போய் நின்றேன். கூடலூர்ப் பக்கம் தேவர்சோலையில் தெரிந்தவர் ஒருவர் இருப்பதாகவும், நாள்கூலி கிடைக்கும் என்றும் முத்தையா சொன்னார். மஞ்சு கீழிருந்து ஏறி வந்து சாலையை மூடிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டிமேல் அந்தப் பொன்னாடை கயிறாக முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. பூட்டுச் சரியாகவில்லை போலும்.

லயத்திலிருந்து வழியனுப்ப வந்தவர்கள் என்னைத் திட்டவில்லை. ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களால் கேட்டேன் என்பதை எழுதக் கூசுகிறது. அப்போதும் அவை நல்ல சொற்களாகவே இருந்தன.

முத்தையா, "பரவால்லீங்க ஐயா," என்றார்.

பார்வதி அப்படிச் சொல்லவில்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். குரலில் சினம் இல்லை. சந்தைக்குப் போகிறவரிடம் ஒரு பொருள் வாங்கிவரச் சொல்வது போல் இருந்தது.

"வாத்தியார் ஐயா, அந்தப் படக்காரத் தம்பி வருவாருல்ல? அவருகிட்டச் சொல்லி, நீங்க பேசுன பேச்சத் திருப்பி ஓட்டச் சொல்லுங்க. எங்காளு சட்டையப் போட்டுக்கிட்டு மேடைய விட்டுக் கீழ எறங்கி வர்ற மட்டும் ஓட்டுனாப் போதும். அதுக்கு முன்னால உள்ளத நாங்க கேக்கல."

பேருந்து வந்து நின்றது. கூட்டம் நெருக்கியடித்து ஏறியது. முத்தையா வலக்கையால் பார்வதியை முன்னே தள்ளி ஏற்றினார். பெட்டியை ஏற்றினார். வழியிலிருந்த ஒரு கிழவரையும் ஏற்றினார். நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "யோவ், ஏறுய்யா! எல்லாரும் ஏறியாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி!" என்று கத்தினார்.

அதன் பின்பே அவர் ஏறினார்.